சாமிப் பூ விழுந்த வாளி

சாரநாதனுக்கு வயது அறுபத்தெட்டு. குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவருடைய குரு தேவசேனாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதே கட்டடத்தில் தரைத்தளத்து ஒற்றை அறையில் இருந்தாள். ஞானத்துக்கு ஏது வயசு என்று காலைதோறும் அவள் முன்னால் போய் உட்காருவார் மனுஷர்.

அன்றைக்கு உட்காரவில்லை. மூக்குக்கு மேல் கோபம். நின்றபடியே ஒரு மனுவை நீட்டினார்.

"குப்பை எடுக்கிற பவுனம்மாவை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுது ஒண்ணுதான் பாக்கி."

"என்ன பண்ணினா?"

"பிரிச்சு வெச்சாத்தான் எடுப்பாளாம். மூணு நாளா என் வாளியைத் தொடலை. இந்த வயசுல மக்குறது, மக்காததுன்னு நான் பொறுக்கிட்டு உக்காரணுமா? நீங்களே சொல்லுங்கம்மா, இது திமிரா இல்லையா?"

தேவசேனா எழுந்தாள். மனுவை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

வாசலில் வாளி பிதுங்கிக்கொண்டு நின்றது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. எதிரே பவுனம்மா நின்றாள், உள்ளங்கையில் சுற்றின துணிக்கட்டோடு.

"வேலை போனாலும் போகட்டும்மா. ரெண்டு புள்ளைங்களை வெச்சுக்கிட்டுத்தான் சொல்றேன். கலந்து கெடந்தா எடுக்க மாட்டேன்."

ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்ன மூங்கில் கூடை. உள்ளே வாடின மல்லி, செவ்வரளி.

"இது ஏன் வாளிக்குள்ள இல்லை?" என்றாள் தேவசேனா.

"சாமிக்குப் போட்ட பூ ஆச்சே! குப்பையோட கலக்கலாமா? யார் காலிலாவது பட்டா பாவம். தனியா எடுத்துவெச்சு செடிக்கு அடியில போடுவேன். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

தேவசேனா கூடையை எடுத்து வாளியில் கவிழ்த்தாள். ஒரு குலுக்குக் குலுக்கினாள். பூ உள்ளே இறங்கிவிட்டது.

சாரநாதன் வாளியிடம் ஓடினார்.

"என்ன காரியம் பண்றீங்க? பவுனம்மா, அதை எடு."

"மாட்டேன் சார்."

"உங்க சாமி, உங்க பூ. நீங்களே எடுங்க," என்றாள் தேவசேனா.

குருவாவது ஒன்றாவது என்று பல்லைக் கடித்தபடி சட்டைக் கையை மடக்கினார். குனிந்தார். கை வாளியின் விளிம்புவரை போய் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"உள்ளே கண்ணாடி கெடக்கு. முந்தாநாள் பல்பு உடைஞ்சுது. பெருக்கி இதுலதான் போட்டேன்."

சொல்லிவிட்டுப் பவுனம்மாவின் கையிலிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். அது என்ன காயம் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

"போன வாரம் சார். இதே வாளிதான்," என்றாள் பவுனம்மா. "நாலு தையல்."

"பூ போயிடுமே. கையை உள்ளே விடுங்க," என்றாள் தேவசேனா.

"மாட்டேம்மா," என்றார் சாரநாதன்.

தேவசேனா மனுவை விரித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"கையெழுத்துப் போடறேன். மாட்டேன்னு அவளும் சொன்னா, நீங்களும் சொல்லிட்டீங்க. திமிர் பிடிச்சவங்கன்னு யார் பேரை முதல்ல எழுதட்டும்?"