இலந்தை மடக்கிய முள்

மரமும் ஆடும் முகம் பார்த்துப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், இலந்தைக்கு உடம்பெல்லாம் முள். கிளையில் முள், இலையில் முள், பழத்திலும் முள். வெள்ளாட்டுக்கோ மேல்வாயிலும் கீழ்வாயிலும் உளி மாதிரி முன்பல். ஆடு பல்லைத் தீட்டினால் இலந்தை முள்ளை நீட்டும். முள் நீண்டால் ஆடு இன்னும் தீட்டும்.

நஷ்டம் இரண்டுக்கும்தான். ஆட்டின் வாய் எந்நேரமும் புண். இலந்தைப் பழத்தை ஒரு மைனாகூடத் தொடவில்லை. பழமெல்லாம் அடியிலேயே விழுந்து முளைத்தது. முளைத்த கன்றுகள் வெயில் காணாமல், தாய் நிழலிலேயே வெளுத்துச் செத்தன. இப்படியே போனால் தனக்குப் பின் காட்டில் இலந்தையே இருக்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

ஒருநாள் கிடா சமாதானம் பேச வந்தது. பக்கத்தில் பூவரசு நின்றது. அப்போது அதற்கும் முள் உண்டு.

"ரெண்டு பேரும் முள்ளையெல்லாம் உதிர்த்திடுங்க. நானும் பல்லைக் கழற்றிடுறேன்" என்றது கிடா.

பூவரசு கேட்ட மாத்திரத்தில் மொத்தத்தையும் உதிர்த்துவிட்டு, "இப்ப உங்க பல்லு, அண்ணே" என்றது.

"கழற்றிடுவோம். முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுக்கிறேன்."

பொழுது சாய்வதற்குள் கிடாவுக்கு எட்டிய உயரம் வரை பூவரசில் இலையும் இல்லை, பட்டையும் இல்லை.

கிடா வாயை நக்கிக்கொண்டு இலந்தையிடம் திரும்பியது. "நீ என்ன தங்கச்சி சொல்ற? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லாம என்ன? பூவரசைப் பார்த்த பிறகு உங்களை முழுசா நம்புறேன். உங்க மேல்வரிசைப் பல்லு விழட்டும், பழத்து முள்ளும் இலை முள்ளும் உதிரும். ஒரு பல்லுக்கு ஒரு கிளை. பல்லு முதல்ல."

"நான் முதல்லயா?"

"வாய்ப்புண் எனக்கா இருக்கு?" கன்று சாகிற வேதனையை இலந்தை காட்டிக்கொள்ளவே இல்லை.

"சரி. கிளையில கணுவுக்கு ரெண்டு முள்ளு இருக்கே, அது?"

"அது என் வீட்டுக் கதவு. கதவைக் கழற்றிக் கொடுத்துட்டு நான் எங்க படுக்க?"

"ஜோடியில ஒண்ணையாவது மடக்கு. நாலு ஆடு என்னை மதிக்க வேண்டாமா?"

"மடக்கணும், அவ்வளவுதானே? மடக்கிடுறேன்."

கிடா கல்லில் மோதி ஒரு பல்லைக் கழற்றியது. இலந்தை ஒரு கிளையின் பழமுள்ளையும் இலைமுள்ளையும் உதிர்த்தது. மேல்வரிசை தீரும்வரை இப்படியே நடந்தது.

ஒப்பந்தத்தின் ஈரம் காயவில்லை, கிடா பட்டையைச் சுரண்டக் கிளைக்குள் மூஞ்சியை விட்டது. நேர்முள் மூக்கில் குத்தியது. தலையைப் பின்னுக்கு இழுத்தால், வளைந்த முள் காதைப் பிடித்துக்கொண்டது.

"ஏமாத்திட்டியே! ஒண்ணை மடக்கச் சொன்னேனே."

"மடக்கித்தானே இருக்கு? கொக்கியாவே மடக்கியிருக்கேன். உதிர்க்கச் சொல்லலையே நீங்க. நேரா இருக்கிறது உள்ள வராதேங்கும். வளைஞ்சது, வந்துட்டா சும்மா போகாதேங்கும். பழம் தின்னுங்க, இலை தின்னுங்க, நான் ஏன்னு கேட்க மாட்டேன். பட்டையில வாய் வச்சா காது மிஞ்சாது."

கிடா மெதுவாகக் காதை விடுவித்துக்கொண்டது. உதட்டைக் குவித்து ஒரு பழத்தைப் பறித்துத் தின்றது. இனித்தது. கொட்டையைத் தூரத்து வெட்டவெளியில் போய்த் துப்பியது. அங்கே, நல்ல வெயிலில், இலந்தையின் முதல் கன்று தேறியது.

அன்றிலிருந்துதான் வெள்ளாட்டின் மேல்வாயில் முன்பல் இல்லை, இலந்தைப் பழத்தில் முள் இல்லை. ஆனால் கிளையில் கணுவுக்குக் கணு ஒன்று நேராகவும் ஒன்று வளைந்தும் நிற்கிறது. எந்தக் கிடாவும் அதனிடம் மரியாதையாகத்தான் வாயை நீட்டுகிறது.