ஆறாவது லேன்

"இந்தாங்கோ, உங்கட சப்பாத்து."

நிரோஜா இரண்டு ஷூவையும் பேச்சியம்மாளின் காலடியில் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள்.

"இனி ஓடமாட்டன் அக்கா. நாளையிலிருந்து அண்ணாவோட பெயின்ட் அடிக்கப் போறன்."

நிரோஜா பிறந்ததும் வளர்ந்ததும் தமிழ்நாட்டு அகதி முகாமில்தான். மற்ற நேரம் நம்மைப் போலவே பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் வாயில் அம்மாவின் யாழ்ப்பாணம் வந்துவிடும். அன்றைக்கு முழுக்க யாழ்ப்பாணம்தான்.

பேச்சியம்மாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சர். நிரோஜாவைவிட மூன்றே வயது பெரியவள். நாலு வருஷமாக அவளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்கிறாள். அதிகம் பேசமாட்டாள்.

"யார் மேலட்டி கோபம்?" என்றாள்.

"எல்லார் மேலயும். முதல்ல உங்கள் மேல."

"சரி, சொல்லு."

அன்று காலை அதே மைதானத்தில்தான் மாவட்டப் போட்டி. எண்ணூறு மீட்டர், மைதானத்தை இரண்டு சுற்று.

முந்தின நாள் சாயங்காலமே, பெயர் பதிகிற மேசையில் இருந்த அதிகாரிகள் நியாயம் சொல்லிவிட்டார்கள். முகாம் அட்டை வைத்திருப்பவளுக்கு மாநில அணியில் இடம் கிடையாது. அதனால் பட்டியலில் பெயர் வராது. நெஞ்சில் நம்பர் கிடையாது. நேரமும் குறிக்கமாட்டோம். ஆசைப்பட்டால் ஓடிவிட்டுப் போகட்டும், ஆனால் உள்ளே வந்து மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது. முதலிலிருந்து முடிவு வரைக்கும் வெளி ஓரத்தில், ஆறாவது லேனிலேயே ஓட வேண்டும்.

பந்திக்குக் கூப்பிட்டு இலை போடாத மரியாதை.

எல்லாரும் ஒரே கோட்டில் புறப்பட்டார்கள். மற்ற ஏழு பேரும் உள் லேனுக்குள் ஓடினார்கள். நிரோஜா மட்டும் வேலி ஓரமாகவே இரண்டு சுற்றும் சுற்றினாள். ஐந்தாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளின் நேரம் இரண்டு நிமிஷம் பதினேழு வினாடி என்று மைக்கில் சொன்னார்கள். இவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இல்லை, ஒன்று சொன்னார்கள்.

"விருந்தாளி எண்டு சொன்னவை அக்கா. 'ஆறாவது லேன்ல நம்ம விருந்தாளி வந்துக்கிட்டிருக்காங்க, கை தட்டுங்க' எண்டு. இருபத்து மூண்டு வருஷம் ஆரும் விருந்தாளியா இருப்பினமோ? எந்த விருந்தாளி ரேஷன் கடையில வரிசையில நிக்கிறவள்? எந்த விருந்தாளி வெளியூர் போக ஆபீசில கையெழுத்து வாங்கிறவள்?"

பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்தில ஓடேக்க கப் தந்தவை. பேப்பரில படமும் போட்டவை. பதினெட்டு வயசுக்குப் பிறகு எங்க போனாலும் 'அட்டையக் காட்டு.' என்ர காலைப் பார்க்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை."

"ம்."

"ம் எண்டு சொல்லாதேங்கோ. நீங்களாவது முடிவுக் கோட்டில நிப்பீங்கள் எண்டு நினைச்சன். விடியக் காலமையிலிருந்தே உங்களைக் காணேல்ல. நான் மூச்சு முட்ட ஓடி வாறன், நீங்கள் அந்த வளைவு முடியிற இடத்தில குந்திக்கொண்டு இருக்கிறீங்கள். அங்க என்ன, கீரை பிடுங்கினீங்களோ?"

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கும் வெட்கம்தானே. பெயர் இல்லாதவளுக்காகக் கோட்டில நிக்க."

இப்போது சிரிப்பு போய்விட்டது.

"பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டன்."

"வெளி லேன்ல சுத்தினா தூரம் கூடுமா, குறையுமா?"

"இது கைப்பிள்ளைக்கும் தெரியும். கூடும்."

"எவ்வளவு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அவையே கணக்கில எடுக்கேல்ல."

"எழுபத்தஞ்சு மீட்டர். ரெண்டு சுத்துக்கும் சேத்து."

"நீங்கள் கண்டனீங்களோ?"

பேச்சியம்மாள் பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்தாள். பள்ளிக்கூடத்து டேப். ஓரமெல்லாம் மண்ணும் புழுதியும், புதிதாக ஒட்டின மாதிரி. அவள் விரலிடுக்கில் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்ததை நிரோஜா அப்போதுதான் பார்த்தாள்.

"இந்த நுனியைப் பிடி. முடிவுக் கோட்டுல வை. ஆறாவது லேன்ல."

"எதுக்கு?"

"வையேன்."

வைத்தாள். பேச்சியம்மாள் டேப்பை விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். ஐம்பது மீட்டரில் டேப் முடிந்தது. குதிகாலால் அந்த இடத்தில் ஒரு கீறல் போட்டாள்.

"வா. இங்கேருந்து இருபத்தஞ்சு பிடி."

இந்தத் தடவை நிரோஜா கீறலில் நுனியை வைத்தாள். பேச்சியம்மாள் இன்னும் பின்னால் போனாள். கடைசி வளைவு முடிகிற இடத்தில் நின்றாள். காலையில் குந்தியிருந்த அதே இடம்.

"இப்ப விட்டுட்டு வந்து பாரு."

நிரோஜா டேப்பை விட்டுவிட்டு வந்தாள்.

ஆறாவது லேனுக்குள் மட்டும், இரண்டு முழ நீளத்துக்கு, சுண்ணாம்பில் ஒரு கோடு கிடந்தது. கை நடுங்காமல் போட்ட கோடு. வேறெந்த லேனிலும் அப்படி ஒன்று இல்லை. கோட்டின் நடுவில் ஒரு ஷூவின் முன்பாதம் அழுந்தி, சுண்ணாம்பு முன்பக்கமாகச் சிதறியிருந்தது.

நிரோஜா குனிந்து அந்தத் தடத்தையே பார்த்தாள்.

"இது..."

"உன் எண்ணூறு இங்கதான் முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீ ஓடினது அவங்களுக்காக."

பேச்சியம்மாள் கழுத்தில் கிடந்த ஸ்டாப் வாட்சைக் கழற்றி நீட்டினாள். போட்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் அதை அழிக்கவில்லை.

இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி.

நிரோஜா ஒரு தடவை பார்த்தாள். வெயிலில் கண்ணாடி பளபளத்தது, கையால் மறைத்துப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"பதினேழு எண்டுதானே மைக்கில சொன்னவை?"

"ஆமா."

"இதை ஆரும் பட்டியலில எழுதமாட்டினம், என்ன?"

"எழுதமாட்டாங்க."

"பிறகு ஏன் இந்த வெயிலில இதில குந்தியிருந்தனீங்கள்?"

பேச்சியம்மாள் குனிந்து டேப்பைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"சுத்தாதேங்கோ அக்கா."

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். நிரோஜா வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேசைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"எங்கட்டி போற?"

"அவையின்ர டேப்பையும் எடுத்துக்கொண்டு இங்க வரச் சொல்லப் போறன்."

"நில்லு."

நின்றாள். திரும்பிய முகத்தில் சண்டைக்குப் போகிறவளின் களை.

"ஷூவைப் போட்டுக்கிட்டுப் போ," என்றாள் பேச்சியம்மாள்.