கரண்டு போகாத வாரம்

"டீச்சர், என் பெட்டி ஜெயிச்சிட்டு! ஒம்பதே செகண்டு! உங்க பெரிய ஆளு பதினொண்ணு!"

தங்கமாரி அண்ணாச்சி குதித்த குதியில் சர்வர் அறைக் கதவே ஆடியது. வயது நாற்பத்தாறு. குதிக்கிற வயதா? குதித்தார்.

சிவகாசியில் காலண்டர் டிசைன் போடும் ஆபீஸ் அது. நாற்பது பேர் வரைகிற முருகர், லட்சுமி, ரோஜாப்பூ எல்லாம் குடியிருப்பது சர்வரில்தான். பழைய சர்வர் மண்டையைப் போட்டதும் இரண்டு பெட்டிகள் போட்டிக்கு வந்தன. ஒன்று, கம்பெனிகளுக்கென்றே செய்த நடுத்தர சர்வர். ஹெலிகாப்டர் மாதிரி உறுமும். இன்னொன்று, அண்ணாச்சியே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. பார்த்தால் மேசைக் கம்ப்யூட்டர், பார்ப்பது சர்வர் வேலை.

ஒரு வாரமாக இடது வரிசை இருபது பேரின் ஃபைல்கள் சின்னப் பெட்டியில். வலது வரிசை இருபது பேருடையவை பெரிய பெட்டியில்.

இன்றைக்கு மூன்று மணிக்கு முதலாளி போன் செய்து, எந்தப் பெட்டி என்று கேட்பார். அண்ணாச்சி சரியான பதில் சொன்னால் சர்வர் அறைப் பொறுப்பு அவருக்கு. உளறினால் மதுரையிலிருந்து ஒரு கம்பெனி வந்துவிடும்.

ஹமீதா டீச்சர் காப்பியை ஊதினார். வயது இருபத்தொன்பது. வாரம் மூன்று நாள் வந்து அண்ணாச்சிக்கு சர்வர் பாடம் எடுக்கிறவர்.

"எப்படிச் சோதிச்சீங்க அண்ணாச்சி?"

"ஒரு ஜிபி முருகர் ஃபைல். ரெண்டுலயும் போட்டேன், எடுத்தேன். அஞ்சு தடவை. அஞ்சுலயும் நம்மாளுதான்!"

"போட்டது யாரு?"

"நாந்தான்."

"கூட யாரு?"

"ஒருத்தரும் இல்ல. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாக. அப்பத்தான தொந்தரவு இல்லாம அளக்க முடியும்?"

"ம்" என்றார் டீச்சர்.

அந்த 'ம்' அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை.

"என்ன டீச்சர் 'ம்'? ஒரு வாரமா இடது வரிசைல ஒரு புகார் உண்டா?"

"இல்ல."

"பெறகு?"

"இந்த வாரம் கரண்டு போச்சா?"

"அதிசயமா, ஒரு தடவகூடப் போகல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

டீச்சர் எழுந்தார். ஹால் வாசலுக்குப் போனார். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்தார்.

"பீ...ப்! பீ...ப்! பீ...ப்!"

அசல் யூபிஎஸ். கரண்டு போனதும் கத்துமே, அதே குரல், அதே அழுகை.

லைட் எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. யார் பார்த்தார்கள்? நாற்பது தலை திடுக்கிட்டு நிமிர்ந்தது. நாற்பது கை ஒரே நேரத்தில் 'சேவ்' அடித்தது.

"ஆச்சு!" என்றது வலது வரிசை.

"எனக்கும் ஆச்சு. டீ வாங்கப் போவமா?"

இடது வரிசை திரையையே முறைத்தது. பிறகு எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது.

"அண்ணாச்சி! பிள்ளையார் பாதில நிக்காரு!"

"என்னோட ரோஜா அசையவே மாட்டேங்குது!"

"ஃபேனு சுத்துது, அதுகூடச் சேந்து கம்ப்யூட்டர்ல வட்டமும் சுத்துது!" என்று கத்தினாள் கோமதி.

அண்ணாச்சி சர்வர் அறைக்கு ஓடினார். சின்னப் பெட்டியின் ஒற்றை விளக்கு பைத்தியம் பிடித்தது போல் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய பெட்டி, காலையில் எப்படி உறுமியதோ அப்படியே.

ஒரு நிமிடம். இரண்டு. நாலாவது நிமிடத்தில்தான் கோமதி "அப்பாடா" என்றாள்.

அண்ணாச்சிக்கு முதலில் காது சிவந்தது. அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மூன்று மணி. போன் அடித்தது.

"என்னவே தங்கமாரி," முதலாளியின் குரல் போனுக்கு வெளியேயும் கரகரத்தது, "எது வேகம்? ஒத்த வார்த்தைல சொல்லும்."

அண்ணாச்சி ஹாலின் இரண்டு வரிசையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தன பேருக்கு, மொதலாளி?"

ஹமீதா டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"பாடம் முடிஞ்சுது. நாளையிலேருந்து நான் வரல, அண்ணாச்சி."