குளமாகிப்போன ஒரு ஏக்கர்

தையல்நாயகியின் ஒரே ஏக்கர் நஞ்சையைக் குளம் என்று எழுதி, விவசாயத்துக்கு உகந்த நிலங்களின் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். படித்தவர்கள் செய்த வேலை! பட்டியலில் இல்லாத வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் கிடையாதாம். செயற்கைக்கோள் படம் எடுத்த அன்று அவர் நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டியிருந்தார், அவ்வளவுதான். கணினிக்கு அது குளம். அதனால் அதிகாரி கோதண்டபாணிக்கும் அது குளம்.

வெடித்துக் கிடந்த அந்த வயலின் வரப்பில், செருப்பில் மண் ஒட்டாமல் நின்றுகொண்டு, ஊரார் முன்னால் கோதண்டபாணி மடிக்கணினியைத் திறந்தார்.

"நீலமா இருக்கு, தெரியுதா? படம் பொய் சொல்லாதும்மா. வயல்தான்னா இந்தப் படத்துல நெல்லைக் காட்டு, பார்ப்போம்!"

"என்னால முடியாது சார். அரசாங்கக் குளம்னே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

தொல்லை விட்டது என்று கோதண்டபாணி அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

தையல்நாயகி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வயலா இருந்தப்ப முறைத்தண்ணிக்குக் கெஞ்சினேன். இப்ப இது உங்க குளம் சார், காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. படத்துல இருக்கற அளவுக்கு இன்னிக்கே நிரப்பி விடுங்க. படம்தான் பொய் சொல்லாதே!"