மந்திரி தொட்ட காஞ்சொறி

முன்னொரு காலத்தில், தமக்கு முழங்கால் வலித்தால் ராஜ்ஜியமே நொண்ட வேண்டும் என்று நினைக்கிற அரசர் ஒருவர் இருந்தார். அரண்மனை வைத்தியர் அவரைக் காஞ்சொறி இலைக் கஷாயம் குடிக்கச் சொன்னார். தொட்டாலே தடித்து அரிக்கும் அந்தச் செடியைப் பறிப்பது யார்?

மந்திரி நாகராயருக்கு அரசவை விகடன் வேம்பனைக் கண்டாலே ஆகாது. மூலிகையில் இரும்பும் துணியும் படக்கூடாது, வெறுங்கையால் பறித்தால்தான் வீரியம் நிற்கும், அந்தத் துணிச்சல் வேம்பனுக்குத்தான் உண்டு என்று தேனாகப் பேசினார். அரசர் உடனே ஆணையிட்டுவிட்டார்.

“வேம்பா, நாளை எம் கண்முன்னே வெறுங்கையால் இலை பறிக்க வேண்டும். முகம் சுளித்தாலோ, கையைச் சொறிந்தாலோ நீ நாட்டை விட்டே போக வேண்டும்.”

வேம்பன் வீடு திரும்பினான். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை எந்த ஊருக்கு நடத்திக் கூட்டிப்போவது? சோறு இறங்காமல் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். உலைப்பானைக்கு மேலே தொங்கிய கீரைக்கட்டு ஆவி பட்டுத் துவண்டு கிடந்தது. அதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் பாவம், அவள் பயந்தேபோனாள்.

மறுநாள் வேலியோரம் மரக்குச்சியால் மண்ணைக் கிளறி, அரிக்கும் சுணைமுள் இல்லாத வேரைப் பிடித்து இரண்டு செடிகளைப் பிடுங்கினான். ஒன்றை மட்டும் உலை ஆவியில் நன்றாக வாட்டினான்.

சபையில் அந்த வாடிய செடியின் இலைகளை நிதானமாகக் கிள்ளித் தாம்பாளத்தில் போட்டான். முகத்தில் புன்னகை வேறு. நாகராயருக்குப் பொறுக்கவில்லை.

“அரசே, இது காஞ்சொறியே அல்ல. ஏதோ கீரையைக் காட்டி ஏமாற்றுகிறான்.”

அதே வேலியில் பிடுங்கிய இன்னொரு செடியும் இருக்கிறது, ஆனால் தயவுசெய்து அதைத் தொட வேண்டாம் என்று வேம்பன் கெஞ்சினான். பயல் அகப்பட்டுக்கொண்டான் என்று பூரித்துப்போன மந்திரி, அந்தச் செடியை இரண்டு கையாலும் கசக்கி, கழுத்திலும் தேய்த்துக் காட்டினார்.

பிறகு அவர் ஆடிய ஆட்டத்தில் தலைப்பாகை ஒரு பக்கம் போனது, அங்கவஸ்திரம் ஒரு பக்கம் போனது. அரசர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“வெறுங்கையால் பறிக்கச் சொன்னீர்கள், அரசே. செடி மண்ணில் நிற்கும்போதே பறிக்கச் சொல்லவில்லையே. ஆவியில் வாட்டினேன், சுணை அடங்கிவிட்டது,” என்றான் வேம்பன்.

எப்படியும் கொதிக்கப்போகிற இலைதானே என்று வைத்தியரும் தலையாட்டினார்.

அரசர் தம் பட்டுச் சால்வையை வேம்பனுக்குப் போர்த்தி, அரண்மனை மருத்துவச்சியை அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வலி தீரும்வரை இலை பறிக்கும் வேலை இனி நாகராயருடையது என்றும் சொன்னார். வேம்பன் மந்திரியின் காதருகே குனிந்து, உலையை நன்றாகக் கொதிக்க விடும்படி சொல்லிவிட்டுப் போனான். அது காதில் விழுந்ததும் அரசர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.