விசில் ஊதும்வரை கால் தரையில் படக்கூடாது

தேனிப் பக்கம் கோணக்கரை என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அங்கேதான் தொல்லை. ஒரு முறை ஊராட்சித் தலைவர், "நான் வர்றவரைக்கும் கூட்டத்தை ஆரம்பிச்சிராதீங்க, யாரும் எந்திரிச்சும் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு மகளைப் பார்க்கப் பழனிக்குப் போய்விட்டார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதில் இரண்டு பேருக்கு உட்கார்ந்த இடத்திலேயே நிச்சயதார்த்தமும் முடிந்திருந்தது.

ஊருக்கு ஊர் ஒரு பித்து. கோணக்கரைக்குக் கூடைப்பந்து. அந்த ஊர்ப் பையன் காசிமாயன் 'வைகை வேங்கைகள்' அணியில் சேர்ந்து பெரிய லீக்கில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து பித்து தலைக்கேறிவிட்டது. ரசிகர் மன்றம் வைத்தார்கள். மன்றத்தில் நாலே பேர். சைக்கிள் கடை மூக்கையா தலைவர். தையல்கடை ஒச்சப்பன் செயலாளர். அவர் எதைக் கேட்டாலும் அளவு நோட்டில் எழுதிக்கொள்வார். குட்டியானை என்று ஊர் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிற தவசி ஒரு உறுப்பினர். பணியாரக் கடை பேச்சியம்மாள் இன்னொரு உறுப்பினர். அவள் கடை பெஞ்சுதான் மன்ற அலுவலகம்.

அந்த வருஷம் வேங்கைகள் முட்டி மோதி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். எதிரே கோயம்புத்தூர்க்காரர்களின் 'கொங்கு காளைகள்'. ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்தவனுக்குக் கோப்பை. நாலு முடிந்து ஆளுக்கு ரெண்டு என்று நின்றது. பெஞ்சில் விவாதம் சூடு பறந்தது.

"அந்த டீமு ஜெபராஜ் சராசரியா ஆட்டத்துக்கு முப்பத்தோரு பாயிண்டு. நம்ம காசி பதினேழுதான்" என்று நோட்டைப் பார்த்துப் படித்தார் ஒச்சப்பன். "ஆனா நம்மாளு அசிஸ்ட் பன்னெண்டு."

அசிஸ்ட் என்றால் தான் போடாமல் பக்கத்தில் நிற்பவனிடம் பந்தைக் கொடுத்து அவனைக் கூடை போட வைப்பது.

"அப்ப குடுத்தவன் பெரியவனா, வாங்கிப் போட்டவன் பெரியவனா?" என்றார் மூக்கையா.

"பணியாரம் சுட்டது நானு, தின்னது நீங்க. யாரு பெருசு?" என்றாள் பேச்சியம்மாள்.

"தின்னவந்தான் மதினி. திங்க ஆள் இல்லேனா அது காஞ்சுல்ல போயிருக்கும்?" என்றான் தவசி.

தவசிக்கு மட்டும் சட்னி வரவில்லை. வெறும் பணியாரத்தை இரண்டு கடி கடித்த பிறகு அவனுக்கும் ஞானம் பிறந்தது. கொடுத்தவனே பெரியவன் என்று நாலுக்குப் பூஜ்யம் ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து ஃப்ரீ த்ரோவை எடுத்தார்கள். எதிராளி இடித்துத் தள்ளிவிட்டால், கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், இரண்டு தடவை கூடையில் போட்டுக்கொள்ளலாம். இதில் ஜெபராஜ் நூற்றுக்குத் தொண்ணூறு. காசிமாயன் நூற்றுக்கு ஐம்பது.

"ஐம்பதுன்னா என்ன கணக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

"ரெண்டு போட்டா ஒண்ணு விழும்."

மூக்கையா கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "அப்பறம் என்னத்துக்குப்பா பயம்? மொதப் பந்தை வேணும்னே வெளிய எறிஞ்சிறணும். ரெண்டாவது விழுந்துதான ஆகணும்?"

உடனே காசிமாயனுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். "இத்தனை வருசத்துல எந்தக் கோச்சும் இதைச் சொல்லிக் குடுக்கலையே மாமா" என்றான் காசிமாயன். ஆறரை அடி வளர்ந்து ஊர் ஊராகப் போய் ஆடினாலும் அவனும் கோணக்கரைக்காரன்தானே.

ஐந்தாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, மதுரையில். அன்றைக்குக் காலையிலேயே காசிமாயனின் அக்கா மகளுக்குக் கோணக்கரையில் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? போதாததற்கு நாலாவது ஆட்டத்தில் அவனுக்கு வலது கணுக்கால் பிசகியிருந்தது. கோச் குருவையா தலையில் அடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் ரசிகர் மன்றத்துக்குப் போன் செய்தார்.

"மூணே விசயம், நல்லா எழுதிக்கங்க. ஒண்ணு, விசில் ஊதுற வரைக்கும் அவன் வலது கால் தரையில படக்கூடாது. ரெண்டு, அரைமணிக்கு ஒரு தடவை கால்ல ஐஸ் வைக்கணும். மூணு, ஜெபராஜை விட்டு ஒரு நிமிசங்கூடக் கண்ணை எடுக்கக் கூடாதுன்னு அவன்ட்டச் சொல்லுங்க. மூணு மணிக்குள்ள கொண்டாந்து சேத்துருங்க."

ஒச்சப்பன் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை காசிமாயன் வந்து இறங்கியதும் நாலு பேரும் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்தபடியே அவன் மூக்கையாவின் கையைப் பிடித்தான். "மாமா, எனக்கு முப்பத்தி மூணு வயசாச்சு. பதினோரு வருசமா ஆடுறேன், ஒரு கோப்பையக்கூட கையால தொட்டதில்ல. இதை விட்டா இனி இல்ல மாமா." அவன் கண் கலங்கியது. "மருமகனே, கோச் சொன்னதுல ஒரு எழுத்துக் கொறையாமச் செய்யறோம்" என்று மூக்கையா அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

ஐஸுக்கு மீன் கடைதான் கதி. அரைமணிக்கு ஒரு தடவை தவசி ஒரு கட்டி வாங்கி வந்து காலில் வைத்தான். வைக்கச் சொன்னார்களே தவிர எடுக்கச் சொல்லவில்லை. உருகினது போக மிச்சத்தின் மேலேயே அடுத்ததை வைத்தான். சாயங்காலத்துக்குள் காசிமாயனின் கால் இருந்த இடத்தில் ஒரு குன்று இருந்தது. குன்றைச் சுற்றி ஏழு பூனைகள் உட்கார்ந்திருந்தன.

மூன்றாவது கட்டளைதான் சிக்கல். ஜெபராஜ் இருப்பது கோயம்புத்தூரில். இவன் எப்படிக் கண்ணை எடுக்காமல் பார்ப்பது? ஒச்சப்பன் ராவோடு ராவாக ஆறடி உயரத்துக்கு ஜெபராஜின் படத்தை அடித்து வாங்கி வந்தார். காதுகுத்துப் பந்தலில் காசிமாயன் மருமகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே நின்ற ஜெபராஜையே முறைத்துக்கொண்டிருந்தான். மொய் வைக்க வந்தவர்கள் இந்தத் தம்பி எந்த வகையில் உறவு என்று கேட்டார்கள். குழந்தையின் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். எல்லாப் போட்டோவிலும் ஜெபராஜ் விழுந்திருந்தான், அவர் விழவில்லை.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினார்கள். குட்டியானையின் பின்பக்கம் கட்டில், கட்டிலில் காசிமாயன், காலில் ஐஸ், கால்மாட்டில் ஜெபராஜ் படம். ஆண்டிபட்டி தாண்டியதும் முன்னால் ஒரு தனியார் பஸ் போனது. நிறுத்தத்தில் கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

"நிறுத்துடா தவசி! விசில் ஊதியாச்சு" என்றார் மூக்கையா.

"அது கண்டக்டர் விசில்ண்ணே" என்றாள் பேச்சியம்மாள்.

ஒச்சப்பன் நோட்டைப் புரட்டினார். "விசில் ஊதுற வரைக்கும்னுதான் போட்டிருக்கு. யாரு ஊதணும்னு போடல."

காசிமாயனை இறக்கி ரோட்டில் நிற்க வைத்தார்கள். அவன் ஐயோ என்று அலறினான். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். இரண்டு விசில் என்றால் வண்டி கிளம்ப வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? மறுபடி தூக்கிக் கட்டிலில் போட்டுக் கிளம்பினார்கள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி இறக்கினார்கள். ஆறாவது நிறுத்தத்தில் காசிமாயன் அழாத குறையாகக் கோச்சுக்குப் போன் போட்டுக் கொடுத்தான்.

குருவையா போனிலேயே பல்லைக் கடித்தது கேட்டது. "மைதானத்துல! நடுவர்! ஆட்டம் ஆரம்பிக்க ஊதுற விசில்!"

ஒச்சப்பன் திருத்தி எழுதிக்கொண்டார்.

ஒருவழியாக நாலடிக்க ரெண்டு நிமிடம் இருக்கும்போது அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். பத்தாயிரம் பேர் பார்க்க, நாலு பேரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே ஆடுகளத்தின் நடு வட்டத்துக்கு வந்து நின்றார்கள். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"யாருய்யா நீங்க? வெளிய போங்க. ஆட்டத்தை ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிங்க சார். நீங்க ஊதுனா இவனை இறக்கிட்டுப் போயிருவோம்" என்றார் மூக்கையா.

"நீங்க போனாத்தான் நான் ஊதுவேன்."

"நீங்க ஊதுனாத்தான் நாங்க போவோம்."

"ரெண்டு பேரு சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்றாள் பேச்சியம்மாள்.

பத்து நிமிடம் போனது. நாலு பேருக்கும் தோள் கழன்றது. கடைசியில் நடுவர் பொறுமையிழந்து காவல்காரர்களைக் கூப்பிடுவதற்காக ஓங்கி ஒரு விசில் ஊதினார். அவ்வளவுதான், நாலு பேரும் காசிமாயனைப் பூப்போல இறக்கி நிறுத்திவிட்டு, நடுவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கட்டிலோடு போய் உட்கார்ந்தார்கள்.

ஒன்றரை நாள் ஐஸில் கிடந்த கால் மரத்துப்போயிருந்தது. அதனால் காசிமாயனுக்கு வலி என்பதே தெரியவில்லை. அவன் பந்தைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்க்கவில்லை. ஜெபராஜையே பார்த்துக்கொண்டு ஆடினான். ஜெபராஜ் வலப்பக்கம் போனால் வலப்பக்கம், தண்ணீர் குடிக்கப் போனால் அங்கேயும். கூடவே மீன் வாசம் வேறு. முப்பத்தோரு பாயிண்டு போடுகிற ஜெபராஜ் அன்றைக்கு ஆறு போட்டான். "ஏனுங்க, நான் உங்களுக்கு என்ன பண்ணுனனுங்க?" என்று பாதி ஆட்டத்தில் கேட்டும் பார்த்தான். காசிமாயன் பதில் சொல்லவில்லை. பேசச் சொல்லிக் கட்டளை இல்லை.

இரண்டு நொடி பாக்கி. காளைகள் எழுபத்திரண்டு, வேங்கைகள் எழுபத்தொன்று. அப்போது பார்த்துக் காசிமாயனை ஒருவன் இடித்துத் தள்ளினான். இரண்டு ஃப்ரீ த்ரோ.

"மொதல்ல வெளிய எறி மருமகனே!" என்று மூக்கையா கத்தினார்.

காசிமாயன் தலையை ஆட்டிவிட்டு, ஜெபராஜைப் பார்த்தபடியே பந்தைச் சும்மா மேலே எறிந்தான். அது போய்ச் சொத்தென்று கூடைக்குள் விழுந்தது. எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டு. மதுரைக்காரர்கள் கூரை பிய்ந்துபோகும்படி கத்தினார்கள். கோணக்கரைக்காரர்கள் நாலு பேர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"போச்சே! அவசரப்பட்டு மொதல்லயே போட்டுட்டானே!" என்று பேச்சியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "ரெண்டுல ஒண்ணு விழுந்துருச்சு. இனி இது எங்கிட்டு விழும்?"

கோட்டில் நின்ற காசிமாயனுக்கும் அதே கவலைதான். பதினோரு வருஷக் கனவு கண்ணெதிரே கரைவது போல இருந்தது அவனுக்கு. கண்ணெதிரே இருந்தது ஜெபராஜ். நூற்றுக்குத் தொண்ணூறு ஜெபராஜ்! காசிமாயன் நேரே அவனிடம் போய்ப் பந்தைக் கையில் கொடுத்தான்.

"அண்ணே, இதை நீங்க போட்டுருங்க."

இரண்டு மணி நேரம் பார்வையிலேயே வெந்துபோயிருந்த ஜெபராஜுக்கு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. பந்து கைக்கு வந்தது, எதிரே கூடை இருந்தது, போட்டுவிட்டான். விழுந்தும்விட்டது.

"அசிஸ்ட்!" என்று நாலு பேரும் எழுந்து குதித்தார்கள். "போட்டது அவனா இருந்தாலும் குடுத்தது நம்மாளு!"

நடுவர் விதிப் புத்தகத்தை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். எங்கேயும் இப்படி ஒரு குற்றம் இல்லை. கடைசியில் அந்தக் கூடை செல்லாது, ஐந்து நிமிடம் கூடுதலாக ஆடுங்கள் என்றார். எதிரிக்குக் கூடை போட்டவன் என்று ஜெபராஜை அவனுடைய கோச் வெளியே உட்கார வைத்துவிட்டார். வெளியே உட்கார்ந்தவனைப் பார்த்துக்கொண்டே காசிமாயன் மூன்று அசிஸ்ட் கொடுத்தான். வேங்கைகள் நாலு பாயிண்டில் ஜெயித்தார்கள்.

காசிமாயன் கோப்பையை வாங்கி மார்போடு கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். கண் மட்டும் ஜெபராஜ் மேல் இருந்தது. குருவையா சந்தோஷத்தில் நாலு பேரையும் கட்டிப்பிடித்தார். "நல்லாப் பாத்துக்கிட்டீங்கப்பா. அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதுற வரைக்கும் இப்படியே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்காரர்களிடம் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து, கோப்பையோடு காசிமாயனைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். தேடிப் பார்த்தால் காசிமாயனைக் காணோம், கோப்பையைக் காணோம், மன்றத்துக்காரர்களையும் காணோம். கட்டில் மட்டும் வாசலில் கிடந்தது. அப்போது குருவையாவுக்கு ஒரு போன் வந்தது.

"சாருங்களா? நான் ஜெபராஜ் பேசறனுங்க. எங்க பஸ்ஸு வாடிப்பட்டி தாண்டிருச்சுங்க. உங்காளு என்ற எதுத்தாப்புல உக்காந்துட்டு என்னையவே பாத்துட்டு இருக்கறானுங்க. கூட நாலு பேரு வேற. வழியனுப்ப வந்தவீங்கன்னு நெனச்சு டிரைவர் ஏத்திட்டாருங்க. இறங்கச் சொன்னா ஒருத்தரு நோட்டைக் காட்டறாருங்க."

குருவையா இடைமறித்தார். "அது கெடக்கட்டும் தம்பி, கோப்பை? கோப்பை பத்திரமா இருக்கா?"

"இருக்குதுங்க. அதுக்குள்ளதான் ஐஸ் போட்டிருக்கறாங்க."

"அவன் காலு?"

"அதுவும் கோப்பைக்குள்ளதானுங்க இருக்குது."

"அடப்பாவி! தரையில கிரையில படப்போகுது..."

"படாதுங்க" என்றான் ஜெபராஜ், அழுகிற குரலில். "கோப்பை என்ற மடியிலதானுங்க இருக்குது."