வீராத்தாள் கொல்லையில் காணாமல் போன முட்டைகள்

நாட்டை ஆண்ட ராஜாவின் கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள். நான் சொல்லப்போவது கொல்லையை ஆண்ட ஒரு அம்மாளின் கதை.

வெகுகாலத்துக்கு முன்னால், கருக்கம்பாளையம் என்ற ஊரில் வீராத்தாள் என்றொருத்தி இருந்தாள். நல்லவள்தான். தப்பு தன்னுடையதாக இருக்கலாம் என்ற யோசனை மட்டும் அவளுக்கு வந்ததே கிடையாது. அவளுக்கு மாரப்பன் என்று ஒரே மகன். அம்மா பகலை இரவு என்றாலும் "சரிங்கம்மா" என்று விளக்கைத் தேடுகிறவன்.

அவள் கொல்லை நிறையக் கோழிகள். பிள்ளை பெற்றவளுக்கு முட்டை வேண்டுமா, வீராத்தாள் வீடு. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டாரா, வீராத்தாள் வீடு. ஊரில் அவளுக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தக் கோழிகளுக்குச் சேர வேண்டியது.

அந்த வருஷம் மாரப்பனுக்குக் கல்யாணம் ஆனது. நல்லக்காள் என்ற பெண் மருமகளாக வந்தாள். வரும்போது பிறந்த வீட்டிலிருந்து சீராக ஒரு புள்ளிக்கோழியையும் கொண்டுவந்தாள்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் மழை இறங்கியதும் முட்டை குறைய ஆரம்பித்தது. கூடை நிறைய எடுத்த இடத்தில் மடி நிறைய எடுத்தாள் வீராத்தாள். அப்புறம் கை நிறைய. கொல்லையெங்கும் இறகாகக் கொட்டிக் கிடந்தது.

"அத்தை, கோழியெல்லாம் இறகு உதிர்க்குதுங்க. பொழுதும் சுருக்கா இருட்டிப் போகுது. எங்க ஊர்லயும் இந்த மாசத்துல முட்டை குறையுமுங்க" என்றாள் நல்லக்காள்.

"உங்க ஊர்க் கோழி சோம்பேறியா இருக்கும். எங்கோழி அப்படியில்லை" என்றாள் வீராத்தாள்.

மருமகள் பேச்சை ஒதுக்கினவள், பக்கத்து வீட்டுப் பாவாயி பேச்சை மட்டும் காது குளிரக் கேட்டாள். எந்த வீட்டிலும் அப்படி ஒரு பாவாயிக்கு இடம் உண்டுதானே!

பாவாயி இறகைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தாள். "அக்கா, இது கண்ணேறு! உங்க கோழியைப் பார்த்து யாரோ பெருமூச்சு விட்டிருக்காங்க. கூண்டைச் சுத்திக் கறுப்புக் கம்பளி கட்டுங்க."

வீராத்தாள் கம்பளி கட்டினாள். கூண்டுக்குள் விடியற்காலை வெளிச்சம் நுழைவது நின்றது. ஏற்கெனவே குட்டையான பகல் கோழிகளுக்கு இன்னும் குட்டையானது. முட்டை இன்னும் குறைந்தது.

பாவாயி மறுபடி வந்தாள். "அக்கா, இது கண்ணேறு இல்லை, கீரிப்பிள்ளை! கூண்டு வாசல்ல நாயைக் கட்டுங்க."

வீராத்தாள் நாயைக் கட்டினாள். காவல் என்றால் குரைப்பதுதான் என்று அந்த நாய்க்கு நினைப்பு. கீரி வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கோழிகள்தான் நாளெல்லாம் பதறிச் சிறகடித்தன. முட்டை இன்னும் குறைந்தது.

பாவாயி மூன்றாம் முறை வந்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, சொன்னா மனசு சங்கடப்படுவீங்க. கண்ணேறு இல்லை, கீரியும் இல்லைன்னா, அப்புறம் எடுக்கிறது வீட்டு ஆளாத்தானே இருக்கணும்? புதுசா வந்தது யாரு?"

வீராத்தாள் கூண்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். அன்றிலிருந்து கோழிகளைப் பகலிலும் திறந்துவிடவில்லை. குப்பைமேட்டைக் கிளறிப் புழு தின்ற கோழிகள், பச்சையும் வெயிலும் கண்ட கோழிகள், உள்ளே வீசிய கம்புத் தானியத்தைத் தின்றுவிட்டு இருட்டில் நின்றன. தண்ணீர்ச் சட்டி அடிக்கடி கவிழ்ந்து கிடந்தது.

முட்டை அடியோடு நின்றது.

வீராத்தாள் மருமகளை முற்றத்தில் நிறுத்தினாள். "இந்த முட்டையெல்லாம் எங்க போச்சு? உங்கம்மா வீட்டுக்கா?"

நல்லக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. திருடி என்ற பெயரோடு ஒரு பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால், செத்தாலும் அந்தப் பெயர் அவளை விடாது. ஆனாலும் அவள் அழவில்லை. "கம்பளி நீங்க கட்டினது, நாய் நீங்க கட்டினது, சாவி உங்க இடுப்புல இருக்குதுங்க. நான் எப்படிங்க எடுப்பேன்?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்கிறவர்கள்மேல் சிலருக்குக் கோபம்தான் வரும். "எதிர்த்தா பேசறே? கிளம்பு!" என்றாள் வீராத்தாள். மாரப்பனைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல "சரிங்கம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

"போறேனுங்க. திருடி போயிட்டா முட்டை திரும்பி வரணும். வருதான்னு பாருங்க" என்றாள் நல்லக்காள். புள்ளிக்கோழியைக் கூண்டிலிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

திருடி போய்விட்டாள். வீராத்தாள் தினமும் காலையில் பூட்டைத் திறந்து கூண்டுக்குள் கை விட்டாள். வைக்கோல்தான் கையில் வந்தது. கார்த்திகை போயிற்று. இரண்டு கோழிகள் சுருண்டு விழுந்து செத்தன. இப்போது கேட்பதற்கும் யாரும் இல்லை, பழி போடுவதற்கும் யாரும் இல்லை. பாவாயி நாலாவது காரணம் சொல்ல வாயைத் திறந்தபோது, "பேசாம இருடி" என்று அடக்கினாள்.

மார்கழிக் கடைசியில் மாரப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மா, மாமனார் ஊருப் பக்கம் போயிருந்தேன். புள்ளி அங்க முட்டை போடுதுங்கம்மா."

"பொய்!" என்று கிளம்பினாள் வீராத்தாள். சம்பந்தி வீட்டுக்குள் போகவில்லை. வேலியோரம் நின்று பார்த்தாள்.

புள்ளிக்கோழிக்குப் புது இறகு பளபளவென்று முளைத்திருந்தது. அது குப்பையைக் கிளறியது, கீரையைக் கொத்தியது, வெயிலில் புரண்டது. பிறகு வைக்கோல் போருக்குள் போய், வெளியே வந்து ஊருக்கே கேட்கக் கொக்கரித்தது. நாய் இல்லை, பூட்டு இல்லை, கம்பளி இல்லை. முட்டை இருந்தது.

வீராத்தாள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கம்பளியைக் கிழித்தாள், நாயை அவிழ்த்தாள், பூட்டைக் கிணற்றில் போட்டாள். தை பிறந்து பகல் நீளத் தொடங்கியது. கோழிகளுக்கு இறகு வந்தது, பிறகு முட்டையும் வந்தது. முதல் முட்டையைக் கையில் எடுத்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அது நல்ல வெட்கம்.

அன்றே மாரப்பனையும் பாவாயியையும் இழுத்துக்கொண்டு சம்பந்தி ஊருக்குப் போனாள். தெரு கூடி நிற்க, "என் மருமக எதுவும் எடுக்கலை. நாந்தான் புத்தி கெட்டுப்போனேன்" என்று உரக்கச் சொன்னாள். பழி சொன்ன அதே வாயால் அதைத் திருப்பி எடுப்பது லேசில்லை. அதற்காக அவளைக் கொஞ்சம் மதிக்கலாம்.

நல்லக்காள் கணவன் முகத்தைப் பார்த்தாள். "இனிமே அம்மா கேட்டா யோசிச்சுத்தான் பதில் சொல்லுவேன்" என்றான் மாரப்பன். அவள் புறப்பட்டாள்.

வாசல் தாண்டும்போது வீராத்தாள் நின்றாள். "புள்ளி எங்க, அம்மிணி? அதையும் எடுத்துக்கோ."

"வேண்டாங்க அத்தை. அது இங்கயே இருக்கட்டும்" என்றாள் நல்லக்காள், அமைதியாக. "நான் திருடலைன்னு தெரிஞ்சுதான் கூப்பிட வந்தீங்க. திருட மாட்டேன்னு நீங்க நம்புற நாள்ல அதைக் கொண்டுவர்றேனுங்க."

வீராத்தாள் வழி நெடுக மருமகளின் மூட்டையைத் தானே சுமந்து வந்தாள். புள்ளிக்கோழி கருக்கம்பாளையம் வந்து சேர இன்னொரு ஐப்பசி கழிய வேண்டியிருந்தது.

கதை இவ்வளவுதான், நீதியையும் கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள்: குறைக்குக் காரணத்தைத் தேடாமல் குற்றவாளியைத் தேடுகிறவர், போனதையும் மீட்க மாட்டார், இருப்பதையும் தொலைப்பார்.